கைமாறிய பின் வரும் பழுது

தான் பயன்படுத்திய மடிக்கணினியை ஒருவர் விற்கிறார். வாங்க வந்தவர் ஆன் செய்து பார்க்கிறார், வீடியோ ஓட்டிப் பார்க்கிறார், கீபோர்டைத் தட்டிப் பார்க்கிறார். விலை பேசி, ஜீபேயில் பணம் அனுப்பிவிட்டு எடுத்துப் போகிறார். நான்காம் நாள் செய்தி வருகிறது: "சார், நேத்திலிருந்து அரை மணி நேரம் ஓடினா தானா ஆஃப் ஆகுது. உங்ககிட்ட இருக்கும்போதே இப்படித்தானா?" விற்றவர் கடைக்காரர் அல்ல. பில்லும் தரவில்லை, வாரண்டியும் தரவில்லை. தன்னிடம் இருந்தவரை ஒழுங்காகத்தான் ஓடியது என்று அவர் நம்புகிறார். இப்போது அவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா? பழுது பார்க்கும் செலவில் பாதியை ஏற்கவேண்டுமா? "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்பதோடு கணக்கு முடிந்ததா?

கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. மாட்டுக்கும் விதைக்கும் வீட்டுக்கும் ரத்தினத்துக்கும் இதே கேள்வி எழுந்து, இதே சண்டை நடந்திருக்கிறது. கிடைத்த பதில்கள் பெரும்பாலும் வணிகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு விற்கும் பழைய மின்னணுப் பொருளுக்கென்று தனியாக வகுக்கப்பட்ட பதில் இன்றும் மிகக் குறைவு. இருக்கும் பதில்களில் எவை இதற்குப் பொருந்தும், எவை பொருந்தாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோதிக்க எத்தனை நாள்?

இந்தியச் சட்ட மரபு இதைத் தனி வழக்கு வகையாகவே வைத்திருந்தது. மனுநூல் வகுக்கும் 18 வழக்குகளில் ஒன்று, வாங்கியபின்னோ விற்றபின்னோ மனம் மாறுவது பற்றியது. பத்து நாளுக்குள் இரு தரப்பில் எவரும் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது அது. நாரத ஸ்மிருதி இதைவிடக் கறாரானது. வாங்கிய அன்றே சேதமில்லாமல் திருப்பினால் முழு விலையும் கிடைக்கும். இரண்டாம் நாள் என்றால் முப்பதில் ஒரு பங்கு கழிவு, மூன்றாம் நாள் அதைப்போல் இரு மடங்கு. அதற்குப் பின் பொருள் வாங்கியவருடையதே. வாங்குமுன் தானும் பார்த்து, பிறரிடமும் காட்டிக் கேட்கவேண்டிய பொறுப்பையும் அது வாங்குபவர் தலையில் வைக்கிறது.

இவற்றுள் மிகக் கூர்மையானது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் வழி. சோதனைக் காலத்தை அது பொருளைப் பார்த்து நிர்ணயிக்கிறது: இரும்புக்கு 1 நாள், கறவை மாட்டுக்கு 3, சுமை இழுக்கும் விலங்குக்கு 5, ரத்தினத்துக்கு 7, விதைக்கு 10. அடிமைகளுக்கும் இதே பட்டியலில் நாள் குறித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கின் பின்னுள்ள எண்ணம் எளிதில் பிடிபடும். மாடு எவ்வளவு கறக்கும் என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும். விதை முளைக்குமா என்று அறியக் கூடுதல் நாள் வேண்டும். ஒவ்வொரு பொருளும் தன் குறையை வெளிக்காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. அர்த்தசாஸ்திரமோ ஆளைப் பார்த்து நாள் தருகிறது: வணிகருக்கு ஓர் இரவு, உழவருக்கு மூன்று, மேய்ப்பருக்கு ஐந்து. சரக்கு அறிந்தவருக்கு அவகாசம் குறைவு என்று இதைப் புரிந்துகொள்ள இடமுண்டு.

இம்முறையின் பலவீனம் சோதனைக் காலத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஐந்து நாளில் வண்டிமாட்டை அடித்து ஓட்டிக் காலை முறித்தவர் யார் என்பதை ஊர் பார்த்துச் சொல்லும். ஓ.எல்.எக்ஸில் அறிமுகமாகி மெட்ரோ ரயில் நிலைய வாசலில் ஒரே ஒருமுறை சந்தித்துக்கொண்ட இருவருக்கு அப்படிச் சாட்சி சொல்ல ஊர் கிடையாது.

தெரிந்தும் சொல்லாதது

கி.மு. 44இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்ற நூலின் மூன்றாம் பாகத்தில் இரண்டு உதாரணங்கள் வருகின்றன. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகர் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கிவிடும். மற்றவர் வீட்டை விற்கிறார். அதன் மரச்சட்டங்கள் உளுத்தவை, அறைகளில் பூச்சி பொட்டு நடமாட்டம் உண்டு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பொய் சொல்லாதவரை போதும், எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை என்பது அந்நூலில் வரும் தத்துவ அறிஞர் டயோஜினஸின் வாதம். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டரோ, வாங்குபவர் அறியவேண்டிய எதையும் மறைக்கலாகாது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ் இதை மேலும் நுணுக்கினார். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்லவேண்டியதில்லை, விலையில் கழித்துக்கொண்டால் போதும். ஒற்றைக்கண் குதிரையை அவர் உதாரணம் காட்டுகிறார். மறைந்த குறையைச் சொல்லியே ஆகவேண்டும். குறை தெரியாமல் விற்றவர் பாவம் செய்தவர் அல்ல. ஆனால் தெரியவந்தபின் அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். பழைய போனை நல்லெண்ணத்தோடு விற்றவருக்கு நேராகப் பொருந்தும் பதில் இதைப்போல் பழைய நூல்களில் அதிகம் இல்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 17ஆம் பிரிவு இந்தப் பழைய விவாதத்தைக் கிட்டத்தட்ட டயோஜினஸின் பக்கமாகத் தீர்த்து வைத்தது. வெறும் மௌனம் மோசடி ஆகாது. அங்கும் உதாரணம் குதிரைதான். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி இல்லை. வாங்குபவர் அப்போதுதான் சட்டப்படியான வயதை எட்டிய சொந்த மகள் என்றால் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலம் என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இந்தக் கடைசி உதாரணத்துக்கு இன்று பயன் அதிகம். "போர்டுல எந்த வேலையும் பார்க்கலையே, டிஸ்ப்ளே ஒரிஜினல்தானே?" என்று வாட்ஸாப்பில் கேட்டவருக்குக் கட்டைவிரல் குறி மட்டும் அனுப்பிய விற்பனையாளர் மௌனத்தின் பாதுகாப்பை இழந்தவர் என்று வாதிட வலுவான இடமுண்டு.

தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது வேறு, அது மோசடியே. இந்த வகை மறைப்பு மின்னணுப் பொருளில் மலிந்து கிடக்கிறது. கிராபிக்ஸ் சிப்பின் ஈயப்பற்று விட்டுப்போன லேப்டாப்புக்கு ஹீட் கன்னால் சூடு காட்டினால் சில நாளோ சில வாரமோ ஓடும். அந்த இடைவெளியில் விற்றுவிடுபவர் பேசாமல் இருந்தவர் அல்லர், ஏமாற்றியவர்.

பார்த்து வாங்குவது உன் பொறுப்பு

ஆங்கிலேயச் சட்டம் நீண்ட காலம் முழுப் பாரத்தையும் வாங்குபவர் மேல் இறக்கி வைத்தது. 1603இல் முடிந்த சாண்ட்லர் எதிர் லோபஸ் வழக்கு இதற்கு அடிக்கல். விஷமுறிவுச் சக்தி கொண்ட 'பெசோவர்' கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லர் 100 பவுனுக்கு ஒரு கல்லை விற்றார். அது அந்தக் கல் அல்ல. 'இது பெசோவர்' என்று சொன்னது உத்தரவாதம் கொடுத்ததாகாது என்று தீர்ப்பானது. இன்று அந்தத் தீர்ப்பை ஏற்பவர் அரிது. ஆனால் அதன் நிழல் நீளமானது.

1893இல் இங்கிலாந்தில் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் இந்த நிலையைத் தளர்த்தியது. அதே அச்சில் இலங்கையில் 1896இலும் இந்தியாவில் 1930இலும் சட்டங்கள் வந்தன. இந்தியச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தரம் பற்றிய உள்ளார்ந்த உத்தரவாதத்தை அந்த வகைச் சரக்கில் வியாபாரம் செய்பவருக்கே பெரும்பாலும் விதிக்கிறது. சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் அதற்குள் வருவார். தன் வீட்டு டிவியை விற்பவர் வரமாட்டார். ஆனாலும் தனிமனித விற்பனையாளர் முழுக்கத் தப்பிவிடுவதில்லை. விற்கும் உரிமை தனக்கு உண்டு என்ற 14ஆம் பிரிவு அவருக்கும் பொருந்தும். விற்ற போன் திருட்டுப் போன் என்று தெரியவந்தால், அவரே அறியாமல் வாங்கி விற்றிருந்தாலும் விலையைத் திருப்பவேண்டியவர் அவர்தான். விவரித்தபடி பொருள் இருக்கவேண்டும் என்ற 15ஆம் பிரிவும் பொருந்தும். '16 ஜிபி ராம்' என்று போட்டு 8 ஜிபி கொடுத்தால், தெரியாமல் நடந்தது என்ற சமாதானம் செல்லாது.

இந்த நிலைப்பாட்டின் பலம் அதன் தெளிவு. பலவீனம், 'பார்த்து வாங்குதல்' என்பது குதிரைக்குச் சாத்தியமான அளவு மதர்போர்டுக்குச் சாத்தியம் இல்லை என்பது.

தெரியாமல் விற்றவரும் பொறுப்பா?

ரோமின் சந்தை அதிகாரிகள் அடிமைகளையும் சுமை விலங்குகளையும் விற்பவர்கள் குறைகளை அறிவிக்கவேண்டும் என்று ஆணையிட்டனர். அறிவிக்காத குறை தென்பட்டால் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பலாம், ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம். எனக்குத் தெரியாது என்று விற்றவர் சொல்வது எடுபடாது.

இதன் வாரிசு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 1641ஆம் பிரிவும் அதை ஒட்டியவையும். மறைகுறைக்கான பொறுப்பு அங்கே தனிமனித விற்பனையாளருக்கும் உண்டு. வாங்கியவர் பொருளைத் திருப்பி விலையைப் பெறலாம், அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். குறையைக் கண்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். குறை தெரியாத விற்பனையாளர் இப்பொறுப்பை ஒப்பந்தத்திலேயே விலக்கிக்கொள்ள முடியும், தெரிந்தவர் முடியாது. ஆனால் விற்பனையின்போதே குறை இருந்தது என்று நிரூபிக்கவேண்டியவர் வாங்கியவர். நிபுணர் அறிக்கைக்கு ஆகும் செலவு பழைய போனின் விலையைத் தாண்டிவிடும்போது அந்த உரிமையால் கைமேல் பலன் கிடைப்பது அரிது.

ஜெர்மனியில் தனியார் விற்பனை விளம்பரங்களில் பொறுப்பு விலக்கு வாசகம் வழக்கமான ஒன்று. அதற்கும் எல்லை உண்டு. இணைய ஏலத்தில் விற்ற மோட்டார் சைக்கிளின் ஓட்டம் 30,000 கிலோமீட்டர் என்று குறிப்பிட்டிருந்தது. மீட்டர் காட்டியதோ மைல் கணக்கு. பொறுப்பு விலக்கு வாசகம் இருந்தும், தானே எழுதிக் கொடுத்த விவரத்திலிருந்து விற்றவர் நழுவ முடியாது என்று அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம் 2006இல் கூறியது. 'உள்ளது உள்ளபடி, பிறகு பேச்சில்லை' என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்கவேண்டிய தீர்ப்பு இது. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவும் உள்ளார்ந்த நிபந்தனைகளை விலக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்த விலக்கு மோசடிக்குக் கவசமாகாது.

சந்தை தானே சரிசெய்யுமா?

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு கேள்வியையே திருப்பிப் போட்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். மோசமானவை மட்டும் மிஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இக்கோணத்தில், புகாருக்குக் காது கொடுக்காத ஒவ்வொரு விற்பனையாளரும் அடுத்த நேர்மையான விற்பனையாளருக்குக் கிடைக்கவேண்டிய விலையைக் குறைக்கிறார். கோட்பாட்டை நேரடியாகச் சோதித்தவர்களில் எரிக் பாண்ட், கைமாறிய பிக்கப் டிரக்குகளுக்குக் கைமாறாதவற்றைவிடக் கூடுதல் பழுது வரவில்லை என்று 1982இல் காட்டினார். வயதையும் ஓட்டத்தையும் கணக்கில் கொண்டால் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே சந்தை எப்போதும் சீரழியும் என்று சொல்லிவிட முடியாது.

இணையத் தளங்கள் மதிப்பீட்டு முறையால் இதைத் தீர்க்க முயன்றன. அதிலும் சிக்கல் வந்தது. மோசமாக மதிப்பிட்டால் பதிலுக்குத் தன்னையும் அப்படியே மதிப்பிடுவார் என்ற அச்சத்தில் வாங்குபவர்கள் உண்மையை எழுதத் தயங்கினர். 2008இல் இபே, விற்பவர்கள் வாங்குபவரை எதிர்மறையாக மதிப்பிடுவதையே நிறுத்தியது. ஒரே ஒருமுறை விற்கும் ஒருவருக்கோ காப்பாற்றிக்கொள்ள மதிப்பீடு என்று ஒன்று இல்லை. பணத்தைத் தளமே பிடித்து வைக்காத விளம்பரத் தளங்களில் இந்த வழி ஏறக்குறைய பயனற்றது.

மின்னணுப் பொருளின் தனிக்குணம்

முன்சொன்ன எல்லா நிலைப்பாடுகளும் ஓர் அனுமானத்தில் நிற்கின்றன: குறை விற்பனையின்போது இருந்தது அல்லது இல்லை, இரண்டில் ஒன்று. மின்னணுப் பொருளில் இந்தக் கோடு மங்கலானது.

தொடக்கத்தில் சொன்ன மடிக்கணினியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே விசிறியில் தூசி அடைத்திருக்கிறது. பிராசசர்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. விற்றவர் அதில் மின்னஞ்சல் பார்த்தார், கணக்கு எழுதினார். சூடு அளவோடு நின்றது. வாங்கிய இளைஞர் கேம் ஆடுகிறார். அரை மணியில் வெப்பம் ஏறிக் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. குறை பழையதா புதியதா? இருவர் சொல்வதும் உண்மை. விற்றவர் கையில் அது ஓடியது, வாங்கியவர் கையில் ஓடவில்லை. இங்கே பேசவேண்டியது சர்வீஸ் செய்து பேஸ்ட் மாற்றும் சிறு செலவைப் பற்றித்தான். முழுப் பணம் கேட்பதும் மிகை, ஒன்றும் தரமாட்டேன் என்பதும் மிகை.

பேட்டரி இன்னொரு வகை. லித்தியம் அயான் பேட்டரி தேய்வதற்கென்றே பிறந்தது. 1,000 முழுச் சார்ஜ் சுழற்சிக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்ததாக ஐபோன் 15 வரிசைக்கு ஆப்பிள் சொல்கிறது. அதற்கு முந்தைய வரிசைகளுக்கு 500. இது பழுதல்ல, வயது. எண்ணைத் திரையிலேயே பார்க்கலாம் என்பதால், அக்குவைனஸின் ஒற்றைக்கண் குதிரையோடு இதைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. அமோலெட் திரையில் ஒரு நாள் திடீரென்று விழும் பச்சைக் கோடு இதற்கு நேரெதிர். நேற்றுவரை எந்த அறிகுறியும் இருந்திருக்காது. விற்றவரும் அறியமாட்டார், வாங்கியவரும் சோதித்திருக்க முடியாது.

மூன்றாவது சிக்கல் விற்றவர் தரப்பினுடையது. மாட்டைத் திருப்பித் தந்தால் அதே மாடுதான் வரும். போனைத் திருப்பித் தரும்போது உள்ளே இருந்த ஒரிஜினல் டிஸ்ப்ளேயோ கேமராவோ மாறியிருக்கலாம். விற்றவர் திருப்பி வாங்கத் தயங்குவதற்கு இந்த அச்சம் பெரிய காரணம். அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஐஎம்இஐ எண்ணும் வரிசை எண்ணும் எந்தப் பெட்டி கைமாறியது என்று சொல்லும். அதன் உள்ளுறுப்புகளைப் பற்றி முழுதாகச் சொல்லாது. அண்மைக்கால ஐபோன்கள் பேட்டரி, திரை, கேமரா மாற்றப்பட்டதா என்று அமைப்புப் பக்கத்திலேயே காட்டுவது இங்கே மெய்யான முன்னேற்றம். இந்தியாவில் சஞ்சார் சாத்தி தளம் வழியாக ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து, அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று வாங்குமுன் சரிபார்க்க முடிகிறது. திருட்டுப் பொருள் பற்றிய சச்சரவில் ஒரு பகுதியை இது முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

புகார் வந்தபின் இருக்கும் வாசல்கள்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'வணிகர்' என்பதைச் சரக்கு விற்பவர் என்று விரிவாகவே வரையறுக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்தால் யாரும் அதற்குள் வரக்கூடும். ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ இன்றித் தனிப்பட்ட முறையில் செய்யும் விற்பனையை வெளிப்படையாக விலக்குகின்றன. தனிமனித விற்பனையாளரை நுகர்வோர் ஆணையத்தின் முன் நிறுத்துவது கடினம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. சிங்கப்பூரில் குறையுள்ள பொருள்கள் பற்றி 2012 முதல் நடப்பிலிருக்கும் விதிகளும் இத்தகையவை. பழைய பொருளுக்கும் அவை பொருந்தும், ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் விற்றவர் வணிகராக இருந்தால் மட்டுமே.

காவல் நிலையம் செல்வேன் என்ற மிரட்டல் அடிக்கடி எழுகிறது. பேசும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது குற்ற வழக்கு. வெறும் ஒப்பந்த மீறல் உரிமையியல் விவகாரம் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உரிமையியல் வழக்கோ, பதினைந்தாயிரம் ரூபாய் பொருளுக்குத் தாங்காத வழி. கட்டணமின்றி, வழக்குக்கு முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம் பேசும் வாய்ப்பு உண்டு. அதை நாடுபவர் இத்தகைய விவகாரங்களில் குறைவு என்பது வருந்தத்தக்கது.

எஞ்சுவது இருவருக்கும் இடையிலான பேச்சு. அதற்கும் சட்டம் ஓரளவு உருவம் தருகிறது. பொருளை ஏற்று நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டவர் பொதுவாக அதைத் திருப்ப முடியாது, ஈடு மட்டுமே கேட்கலாம் என்ற 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கு, விலைக்கழிவு என்ற நடைமுறைத் தீர்வோடு ஒத்துப்போகிறது. முதலில் பழுதை வீடியோவாகக் கேட்பது, வரிசை எண்ணை ஒப்பிடுவது, இருவரும் ஏற்கும் ஒரு சர்வீஸ் கடையில் பிரித்துப் பார்ப்பது, அந்தச் செலவை முன்பே பேசிப் பகிர்வது ஆகியவை எந்த நிலைப்பாட்டுக்கும் முரணானவை அல்ல. அழைப்பை எடுக்காமல் எண்ணை பிளாக் செய்வதுதான் எல்லா நிலைப்பாடுகளின்படியும் மோசமான தேர்வு. குறை தெரியாமல் விற்றவரைக்கூட அது மறைத்து விற்றவர்போல் காட்டிவிடும்.

தீராதவை

தெரிந்து மறைத்தவர் முழுப் பொறுப்பாளி என்பதில் இன்று கருத்து வேறுபாடு ஏறக்குறைய இல்லை. விவரித்ததற்கு மாறான பொருளைத் தந்தவர் பற்றியும் அப்படியே. வெளிப்படையாகத் தெரிந்த தேய்மானம் வாங்கியவருடையது என்பதிலும் பெரும்பாலோர் உடன்படுவர்.

இருவருக்கும் தெரியாத குறை இன்னும் தீரவில்லை. பிரெஞ்சு வழி அதை விற்றவர் மேல் வைக்கிறது, ஆங்கிலேய வழி வாங்கியவர் மேல் வைக்கிறது. இரண்டுக்கும் இடையே பங்கு போடும் வழியைச் சட்டங்கள் தயக்கத்தோடே தொடுகின்றன. தனியார் விற்பனைக்கு யாக்ஞவல்கியரின் பொருள்வாரி நாள் கணக்கே மற்றவற்றைவிட நெருக்கமாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். போனுக்கு இரண்டு நாள், சூடேறினால்தான் குறை காட்டும் மடிக்கணினிக்கு ஒரு வாரம் என்று விற்கும்போதே இருவரும் எழுதிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. அந்த நாட்களில் உள்ளுறுப்பு மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இப்போதைக்குப் பாதிப் பதில்தான் உண்டு. உதிரிபாக வரலாற்றைத் தானே காட்டும் கருவிகள் பரவினால் அது முழுமையாகலாம். அதே வசதி, உள்ளூர்க் கடையில் நேர்மையாகப் பழுது பார்த்த கருவியையும் 'ஒரிஜினல் இல்லை' என்று முத்திரை குத்தி அதன் விலையைக் குறைக்கக்கூடும். அந்த இழப்பு விற்பவருக்கா, பழுது பார்ப்பவருக்கா, தயாரிப்பாளருக்கா என்ற விவாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.